ஐ.ஐ.டி. வாசலும் நமது ஜமாஅத்துகளும்



பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகள் வெளிவந்த பிறகு, ‘பிள்ளையை ஐ.ஐ.டி.யில் சேர்க்க என்ன வழி?’ என்று வினவும் வழக்கம் நம் குடும்பங்களில் பரவலாக உள்ளது. அவ்வேளையில் அக்கேள்விக்கு எவராலும் விடையளிக்க இயலாது. நம் பிள்ளைகளுக்கு அறிவில் குறைவில்லை. வழியறிந்து உரிய காலத்தில் ஆயத்தமாவதில்தான் நாம் பின்தங்கியிருக்கிறோம் என்பதே எனது கருத்து.

நாட்டின் 23 ஐ.ஐ.டி.களில் பி.டெக். பயில இரு தேர்வுகளைக் கடக்க வேண்டும். ஜே.இ.இ. மெயின் தேர்வில் முன்னணியில் வரும் சுமார் இரண்டரை லட்சம் பேரே ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வை எழுதலாம். அதற்கும் அடுத்தடுத்த இரு ஆண்டுகளில் இரண்டு வாய்ப்புகள் மட்டுமே. இரு தேர்வுகளுமே பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளின் இயற்பியல், வேதியியல், கணிதப் பாடங்களைச் சோதிப்பவை. எனவே பதினொன்றாம் வகுப்பின் முதல் நாளே தயாரிப்பின் முதல் நாளாகும். மெயின் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். அட்வான்ஸ்டு தேர்வோ ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே. தமிழ்வழி மாணவர்கள் ஆங்கிலக் கலைச்சொற்களை முன்னரே பழகிக்கொள்ள வேண்டும்.

சான்றிதழிலும் கவனம் தேவை. தமிழகக் கல்லூரிகளில் நமக்குள்ள 3.5 சதவீத இடஒதுக்கீடு ஐ.ஐ.டி.களில் இல்லை. அங்கு ஓ.பி.சி. பிரிவினருக்கு 27 சதவீதம் உண்டு. லெப்பை, ராவுத்தர், மரைக்காயர் ஆகியோர் மத்திய அரசின் பட்டியலில் இடம்பெற்றுள்ளனர். ஏனையோர் தங்கள் பிரிவு அதில் உள்ளதா எனப் பார்த்துக்கொள்ள வேண்டும். பி.சி.எம். சான்றிதழ் மட்டும் போதாது. கிரீமிலேயர் அல்லாதவர் என்று மத்திய அரசின் படிவத்தில், அவ்வாண்டு ஏப்ரல் 1 அல்லது அதற்குப் பின் பெற்ற சான்றிதழ் வேண்டும். அது இல்லையேல் தகுதியுள்ள பிள்ளையும் தனக்குரிய ஒதுக்கீட்டை இழக்க நேரும்.

பெண் பிள்ளைகளுக்கென 2018 முதல் கூடுதல் இடங்களும் வழங்கப்படுகின்றன. வெளியூர் விடுதி என்ற ஒரே தயக்கத்தால் அவற்றை நாமே கைவிடலாகாது.

இவ்விவரங்கள் அனைத்தையும் ஒவ்வொரு தந்தையும் தனித்தே தேடியறிய வேண்டும் என்பது நியாயமன்று. நிகாஹ் பதிவேட்டைப் பொறுப்புடன் பேணும் ஜமாஅத்துகள், பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகளின் பட்டியலையும் பேணட்டும். படித்த இளைஞர் இருவரை நியமித்து, தேர்வு விண்ணப்பத்திற்கும் சான்றிதழுக்கும் உதவட்டும். பெருஞ்செலவில்லாத பணிதான் இது.

ஒட்டகத்தைக் கட்டிய பிறகே தவக்குல். தேர்வு நாளன்று நாம் கேட்கும் துஆவுக்கு முன்னதாக, ஈராண்டு உழைப்பும் இருக்கட்டும். அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியை வழங்குவானாக. ஆமீன்.