அளவில் இருக்கிறது நஞ்சு

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நம் பாட்டிமார் சொல்லிவந்ததையே, சுவிட்சர்லாந்து மருத்துவர் பாராசெல்சஸ் 1538-ஆம் ஆண்டில் எழுதிவைத்தார். நஞ்சியல் இன்றும் அந்த அடித்தளத்தின் மேல்தான் நிற்கிறது.

உப்பு, புளி போல் நம் இல்லங்களில் இருந்துவரும் பாராசிட்டமாலை எடுத்துக்கொள்வோம். காய்ச்சலுக்கு அது நல்ல மருந்து என்பதில் ஐயமில்லை. நாம் விழுங்குவதில் சிறு பகுதியைக் கல்லீரல் ஒரு நச்சுப்பொருளாக மாற்றுகிறது. மாற்றிய கையோடு, தன்னிடமுள்ள குளுட்டாதயோன் என்னும் பொருளால் அதை அடக்கியும் விடுகிறது. அளவு மீறினால் அந்தக் கையிருப்பு தீர்ந்து, ஈரலின் உயிரணுக்களே மடிகின்றன. இதில் கொடுமை யாதெனில், முதல் நாளில் குமட்டலுக்கு மேல் ஒன்றும் தெரியாதிருக்கலாம். காமாலை தோன்றுவது இரண்டு மூன்று நாள் கழித்தே. மாற்று மருந்தான அசிட்டைல்சிஸ்டீனோ முதல் 8 மணி நேரத்திற்குள் கிடைத்தால்தான் முழுப் பயன் தரும். ஆகவே, அளவு மீறியது தெரிந்தவுடனேயே மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

உடல்நலமுள்ள பெரியவருக்கு ஒரு நாளின் உச்ச வரம்பு 4 கிராம். அதாவது, 500 மில்லிகிராம் மாத்திரை எட்டு. மெலிந்தோருக்கும் குடிப்பழக்கம் உள்ளோருக்கும் அதுவே மிகையாகலாம். சளி மாத்திரைகள் பலவற்றிலும் இதே மருந்து கலந்திருப்பதை நம்மில் எத்தனை பேர் கவனிக்கிறோம்?

குழந்தைகளுக்கு வயதைவிட எடையே கணக்கு: ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். பத்துக் கிலோக் குழந்தைக்கு 150-க்கு மேல் ஆகாது. சொட்டு மருந்தில் 1 மில்லிலிட்டரிலேயே 100 மில்லிகிராம் இருப்பதுண்டு. அதைச் சிரப் என்று எண்ணி 5 மில்லிலிட்டர் கரண்டியில் ஊற்றிக்கொடுத்தால், பெரியவருக்கான ஒரு முழு மாத்திரை அக்குழந்தையின் வயிற்றில் போய்ச் சேரும்.