தாயை மறந்த மந்தை

‘மாடு’ என்னும் சொல்லுக்குச் செல்வம் என்றும் பொருள் கண்டது தமிழ். ஆநிரை கவர்தலும் மீட்டலும் வெட்சி, கரந்தை எனப் புறத்திணையில் இடம் பெற்றன. நிரை மீட்டு மாண்ட வீரனுக்கு நடுகல் எழுந்தது. அம்மொழிக்கு உரியோர் கடல் கடந்து மலாயாத் தோட்டங்களில் குடியேறியபோது, மாடு வளர்க்கும் வழக்கமும் உடன் வந்தது. இந்திய மாட்டினங்கள் பல இங்கே கலந்து தோன்றிய மாட்டை ‘உள்நாட்டு இந்தியக் கறவை மாடு’ என்று கால்நடை நூல்கள் குறிக்கின்றன. அதன் தாய்வழி இன்று எங்கே? கேட்பார் அரியர்.

காளையின் எடை எவ்வளவு, பசு கறப்பது எத்தனை லிட்டர் என்னும் இரண்டு கேள்விகளே இனவிருத்தியின் தொடக்கமும் முடிவும் எனக் கருதுவோர் பெருகிவிட்டனர். உரிய காலத்தில் சினைப்படுதல், துணையின்றி ஈனுதல், கன்றை அண்டவிட்டுப் பாலூட்டுதல், எளிய தீனியிலும் உடல் குலையாமை ஆகிய தாய்மைப் பண்புகள் அவர்தம் கணக்கில் ஏறுவதில்லை. பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 285 நாள். ஆண்டுக்கு ஒரு கன்று வேண்டுமாயின், ஈன்ற பசு அடுத்த 80 நாளுக்குள் மீண்டும் சினையாதல் வேண்டும். அது தவறினால், எடை மிகுந்த பசுவும் தீனி தின்னும் பாரமே.

இப்பண்புகள் புறக்கணிக்கப்படுவதற்குக் காரணம் உண்டு. காளைக் கன்றின் எடையை ஓராண்டில் நிறுத்துப் பார்த்துவிடலாம். அக்காளைக்கு மடி இல்லை. தன் தாயின் குணத்தை அது மகளுக்குக் கடத்துகிறதா என்பதை அறிய, மகள் பிறந்து, வளர்ந்து, ஈன்று, கன்றை வளர்த்துக் காட்ட வேண்டும். அதற்குள் ஆண்டுகள் பல கடந்துவிடும். பொறுமையற்ற காலம் தராசை நம்புகிறது, தாயை மறக்கிறது.

இதன் விளைவை இங்கிலாந்தின் சார்ட்டார்ன் இனத்தில் காணலாம். காலிங் சகோதரர் வளர்த்த அவ்வினத்தின் ‘காமெட்’ என்னும் காளை 1810இல் ஆயிரம் கினிக்கு விலைபோயிற்று. 1822இல் சார்ச்சு கோட்சு அவ்வினத்திற்கு வம்சாவளிப் பதிவேடு வெளியிட்டார். பாலும் இறைச்சியும் ஒருங்கே தந்த இனம் அது. பின்னர், கண்காட்சி மேடையும் சந்தையும் விரும்பியவாறு அதன் இறைச்சிக் கிளையை உருவிற் சிறுக்க வைத்தனர். பெருத்த மாட்டுக்கு மதிப்பு ஏறியதும், 1970களில் பிரெஞ்சு நாட்டு மேன்-ஆஞ்சு இரத்தத்தைச் சேர்த்தனர். ஆயினும், தாய்மைப் பண்பை நாடிப் பழைய வழிகளுக்குத் திரும்ப முனைவோர் அங்கே உள்ளனர். அவர்களுக்குத் திரும்பும் வழி எவ்வாறு வாய்த்தது? ஏட்டில் பெயர்கள் இருந்தன; உறைநிலையில் பழங்காளைகளின் விந்து இருந்தது. பதிவு இருந்ததனால் பாதை இருந்தது.

ஜொகூருக்கு வருவோம். குளுவாங்கில் உள்ள அரசுக் கால்நடை நிலையம், சாகிவால், பிரீசியன் இனங்களின் கலப்பான ‘மப்ரிவால்’ கறவை மாட்டின் வளர்ச்சிக்குப் பணியாற்றியது. மார்டி நிறுவனமோ கெடா-கிளந்தான் பசுவைப் பிரம்மன் இனத்தோடு சேர்த்துப் ‘பிராக்மாசு’ என்னும் இனத்தை ஆக்கியது. இவை வீண் முயற்சிகள் அல்ல. நாட்டுக்கு வேண்டிய மாட்டிறைச்சியில் பெரும்பகுதி வெளியிலிருந்தே வருகிறது. பழைய தோட்டத்துப் பசு கறந்த பால் குறைவு என்பதும் உண்மையே. பிழை கலப்பில் இல்லை; கலப்பிற்குப் பின் தாயினத்தைக் கைவிடுவதில்தான் உள்ளது.

கெடா-கிளந்தான் பசு ஏறத்தாழ 200 முதல் 250 கிலோ எடையே உடையது. அதனைச் சிறுமை என்று எள்ளுவோர், வெப்பத்தையும் ஈரத்தையும் எளிய புல்லையும் தாங்கி அது தவறாது ஈனுவதை ஏன் எண்ணுவதில்லை? செம்பனை நிழலில் முளைக்கும் புல்லை மேய்ந்து கன்று ஈனும் தாய் அன்றோ அது! உருவிற் பெரிய இனத்துக் காளையைச் சிறிய பசுவோடு சேர்த்தால், கன்று பெருத்து ஈற்று இடர்ப்படும். முதற் கலப்பில் தோன்றும் வீரியத்திலும் ஒரு பாடம் உண்டு. கலப்பினப் பசுவை மீண்டும் அதே அயலினக் காளையோடு சேர்த்தால், அவ்வீரியம் பாதியாகக் குறையும். ஒவ்வொரு முறையும் முதற் கலப்பின் பயனைப் பெற வேண்டுமாயின், கலப்பற்ற தாய்ப்பசு என்றும் இருத்தல் வேண்டும். ஆகவே, கலப்பினத்தைப் போற்றுவோர்க்கே பழைய தாய்வழி முதலில் தேவை. விதைநெல்லைக் குத்தி உண்டபின் விளைச்சலைப் பேசுவதில் என்ன பயன்?

கெடா-கிளந்தான் இனத்தைக் காக்க அரசுப் பண்ணைகளேனும் முயன்றன. தோட்டத்துத் தமிழர் வளர்த்த மாட்டுக்கோ கோட்சு போன்ற ஒருவர் வாய்க்கவில்லை. எந்தப் பசு எந்தப் பசுவின் மகள் என்பது அவற்றை வளர்த்தோரின் நினைவில் மட்டும் இருந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன; மேய்ச்சல் நிலம் போயிற்று; குடும்பங்கள் நகரம் சேர்ந்தன. நினைவு மறைந்தால், எஞ்சிய மாடுகளின் மரபும் பெயரற்றுப் போகும்.

ஏடு தேடிக் காத்த சமுதாயம், எழுதப்படாத இந்த ஏட்டையும் காக்கக் கடமைப்பட்டது. தமிழாசிரியர் மாணவரை ஊர்ப்புற மாட்டுக் கொட்டகைக்கு அழைத்துச் செல்லட்டும். பசுவின் தாய் எது, எத்தனை முறை ஈன்றது, எத்தனை கன்றுகள் பிழைத்தன என்பவற்றை மாணவர் முதியோரிடம் கேட்டு எழுதட்டும். கால்நடைத் துறையினர் அக்குறிப்புகளின் துணையுடன், நன்கு ஈன்று நன்கு வளர்த்த தாய்களின் மகன்களையே பொலிகாளைகளாகத் தேர்ந்து, அவற்றின் விந்தைச் சேமிக்கட்டும். காளையை விலைக்கு வாங்கலாம். தலைமுறைகளாக இம்மண்ணுக்குப் பழகிய தாயை எந்தச் சந்தையில் வாங்குவது?