பக்கத்து இடம் காலியாக இருக்கிறது



நூலக வகுப்பில் ஆங்கில டீச்சர் எங்களுக்கு ஒரு நாவலைத் தமிழில் கதையாகச் சொன்னார். 'ஜின் பட்ரோல் ஆன் தி பர்ப்பிள் லைன்' என்று பெயர். கேரளத்தில் பிறந்து பத்திரிகை நிருபராக இருந்த தீபா அனப்பரா எழுதி 2020-ல் வந்தது. முக்கியமான இடத்தில் எல்லாம் தலைக்கு மேலே விமானம் இறங்கும், டீச்சர் நிறுத்துவார். பொழிச்சலூர்க்காரங்களுக்கு அது பழகினதுதான், ஆனாலும் அன்னைக்கு விமானத்தைத் திட்டித் தீர்த்தோம்.

ஜெய் என்ற 9 வயசுப் பையன், வடநாட்டில் ஒரு குடிசைப் பகுதியில் இருக்கிறான். அவன் வகுப்புப் பையன் பஹதூர் காணாமல் போகிறான். பஹதூருக்குத் திக்குவாய். போலீஸ்காரர் பஹதூருடைய அம்மாவிடம் தங்கச் சங்கிலியை வாங்கிக்கொண்டு சும்மா இருந்துவிடுகிறார். (குழந்தையைக் காணோம் என்று புகார் வந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆகணும் என்று 2013-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது.) ஜெய், பரி, ஃபயஸ் மூணு பேரும் தாங்களே தேடக் கிளம்புகிறார்கள். முடிவைச் சொல்ல மாட்டேன். டீச்சரிடம் கேளுங்கள்.

எங்க வகுப்பில் எல்லாரும் ஜெய்தான் ஹீரோ என்கிறார்கள். நான் ஒத்துக்க மாட்டேன். டி.வி. பார்த்துவிட்டு, தான் பெரிய துப்பறிவாளன் என்று நினைக்கிறவன் அவன். சரியான கேள்வி கேட்கிறவள் பரிதான். காணாமல் போனவங்களைப் பற்றி நமக்கு என்ன தெரியும் என்று பார்க்கிறதுதான் துப்பறியறது என்பது என் கருத்து.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், போன வருஷம் எட்டாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் அரைப்பரீட்சை லீவுக்கு அப்புறம் வரவே இல்லை. 'ஊருக்குப் போயிருப்பா' என்று நானும் விட்டுவிட்டேன். மூணு வாரம் கழித்துத்தான் அவங்க வீட்டுக்குப் போனேன். பூட்டு. 'வாடகை பாக்கி, ராத்திரியோட ராத்திரியா காலி பண்ணிட்டாங்க' என்றார் பக்கத்து வீட்டு அக்கா. சொந்த ஊர் எது என்று கேட்டார், எனக்குத் தெரியலை. தினமும் அவ டப்பாவில் இருந்து சாப்பிட்டிருக்கிறேன், ஊர் பேர் கேட்டதில்லை! ஜெய்யைக் கிண்டல் பண்ண எனக்கு என்ன தகுதி?

டி.சி. வாங்காமல் போனதால் படிப்பு போயிருக்குமோ என்று பயந்தேன். டி.சி. இல்லை என்று எட்டாவது வரைக்கும் எந்த அரசுப் பள்ளியும் சேர்க்காமல் இருக்கக் கூடாது, 2009-ல் வந்த சட்டம் அப்படிச் சொல்கிறது என்றார் டீச்சர். எமிஸ் எண்ணும் எங்கே சேர்ந்தாலும் அதேதானாம். ஆனால் இது அவங்க அம்மாவுக்குத் தெரியுமா? வேலைக்கு அனுப்பியிருந்தால்? அப்படித் தெரிந்தால் 1098-க்கு யார் வேண்டுமானாலும் போன் பண்ணலாம், காசு கிடையாது.

அவ இடது கையால் எழுதுவா, கபடியில் நல்லா பாடிப் போவா. பம்மல், அனகாபுத்தூர் பக்கம் யாராவது பார்த்திருந்தால் 9-ஆ பிரிவு, மூணாவது பெஞ்சுக்கு வந்து சொல்லுங்க. அவளோட கணக்கு நோட்டு என்கிட்டதான் இருக்கு.

– ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி