தாயைக் கூண்டில் ஏற்றாதீர்

பிள்ளைக்கு ஆட்டிசம் என்றால் தாயிடம் பாசமில்லை என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே தீர்ப்பு எழுதினார்கள். 1967-இல் அமெரிக்காவில் உளவியலாளர் புருனோ பெட்டல்ஹைம் வெளியிட்ட நூல் அந்தப் பழியை ஊரறியச் செய்தது. பெற்ற பிள்ளையின் நிலைக்காக ஏற்கெனவே உருகிக்கொண்டிருந்த பெண்களுக்கு அறிவியலின் பெயரால் இழைக்கப்பட்ட அநீதி அது.

ஆட்டிசத்தில் மரபணுவின் பங்கைச் சுட்டி 1977-இல் வெளிவந்த இரட்டையர் ஆய்வு அந்தத் தீர்ப்பை ஆட்டம் காணச் செய்தது. 2007-இல் பாரிஸ் பாஸ்டர் நிறுவன ஆய்வாளர்கள், 22-ஆவது குரோமோசோமின் நுனியருகே உள்ள ஷாங்க்-3 மரபணுவுக்கும் ஆட்டிசத்துக்கும் உள்ள தொடர்பைக் காட்டினர். நரம்பு செல்கள் சந்திக்கும் இடத்தில், சேதி வாங்கும் பக்கத்தில், கட்டடச் சாரம்போல் நின்று மற்றப் புரதங்களைத் தாங்குவது இந்த மரபணு தரும் புரதம். இரண்டு பிரதிகளில் ஒன்று பழுதானாலே பேச்சு வராமல் போகலாம், தசை தளரலாம், அறிவு வளர்ச்சி தடைபடலாம், வலிப்பும் வரலாம். ஃபெலன்-மெக்டெர்மிட் குறைபாடு என்பது இதுவே.

பெரும்பாலான குழந்தைகளிடம் இந்தப் பழுது புதிதாக நேர்ந்ததே தவிர, வழிவழியாக வந்ததல்ல. சிலருக்குப் பெற்றோர் வழியாக வருகிறது. அதுவும் எவரும் விரும்பிக் கொடுத்ததல்ல. ஆகவே 'உன் வம்சத்துக் குறை' என்று மருமகளைக் குத்தும் நாக்குக்கும் இங்கே இடமில்லை. ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்குத்தான் ஷாங்க்-3 காரணம். ஆனால், மற்றவர்களின் காரணம் முழுதாகத் தெரியவில்லை என்பதற்காகத் தாய்மீது பழி போடுவதும் நியாயமாகாது.

பழிக்கு அஞ்சும் தாயின் குற்றவுணர்வே இன்று குணப்படுத்துவதாகச் சொல்லி விற்கும் பலருக்கு முதலீடு. 2016-இல் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் வளர்ந்த சுண்டெலிகளிடம், முடக்கப்பட்டிருந்த ஷாங்க்-3 மரபணுவை மீண்டும் இயங்கவைத்தபோது, பழகும் தன்மை தேறியது. பதற்றமும் உடலசைவுக் குறையும் நீங்கவில்லை. உண்மையான ஆய்வு இவ்வளவு அடக்கமாகப் பேசும்போது, ஸ்டெம்செல் ஊசியால் ஆட்டிசத்தைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வது மோசடி. அந்தச் சிகிச்சையைப் பரிந்துரைக்க முடியாது என்று இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையம் 2022-இலேயே சொல்லிவிட்டது. சொன்னதோடு நில்லாமல், விற்பவர்களைத் தண்டிக்க வேண்டும்.

மரபணுப் பரிசோதனை, ஆலோசனை, பேச்சுப் பயிற்சி ஆகியவற்றை அரசு மருத்துவமனைகளில் ஏழைக்கும் எட்டச் செய்வது அரசின் கடமை. பிள்ளையை வளர்க்கக் கைகொடுக்காத சமூகத்துக்குத் தாயை விசாரிக்கும் தகுதி கிடையாது.