யூசேபியோ யாருடைய பிள்ளை?

உலகக் கோப்பைக் கால்பந்து வந்துவிட்டால் நாம் வாழும் இந்தக் கொல்கத்தா நகரம் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. ஒரு சந்தில் பிரேசில் கொடி, அடுத்த சந்தில் அர்ஜென்டினா கொடி. போர்ச்சுகல் என்றால் நம் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரிந்த பெயர் ரொனால்டோ ஒன்றுதான். அவருக்கு இரண்டு தலைமுறை முன்பே அந்த நாட்டுக்காகக் கோல் மழை பொழிந்த ஒருவர் இருந்தார். அவர் பெயர் யூசேபியோ. ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நம்மைப் போன்ற குடும்பங்கள் அவருடைய வாழ்க்கையைத் தெரிந்துகொள்வது நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது.

யூசேபியோ பிறந்தது போர்ச்சுகலில் அல்ல. ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில், அப்போது போர்ச்சுகலின் ஆட்சியில் இருந்த மொசாம்பிக்கில், 1942 ஜனவரி 25ஆம் தேதி பிறந்தார். ஊரின் அன்றைய பெயர் லொரென்சு மார்க்கெஸ், இன்று மபுட்டோ. தாய் மொசாம்பிக்கைச் சேர்ந்த ஆப்பிரிக்கப் பெண். தந்தை அங்கோலாவிலிருந்து வந்த வெள்ளையர், ரயில்வே தொழிலாளி. 35 ஆண்டுகள் தண்டவாளத்தோடு காலம் கழித்தவனுக்கு இதைப் படித்ததும் ஒரு தனிப் பாசம் வருவது இயற்கைதானே! மகனுக்கு எட்டு வயதாகும்போது தந்தை டெட்டனஸ் கண்டு இறந்துபோனார். பிள்ளைகளைத் தாய் தனியாக வளர்த்தார். பழைய காலுறைக்குள் காகிதத்தைத் திணித்துச் செய்த பந்தை வெறுங்காலால் உதைத்துத்தான் அந்தச் சிறுவன் ஆட்டம் கற்றான்.

1960 டிசம்பரில், 18 வயதில், லிஸ்பன் நகரத்து பென்ஃபிகா சங்கத்துக்கு ஆட வந்தார். வரும்போது தாய் ஒரு கடிதம் கொடுத்தனுப்பினார். அது மொசாம்பிக்கிலிருந்து முன்பே போய் பென்ஃபிகாவில் ஆடிக்கொண்டிருந்த மாரியோ கொலூனாவுக்கு எழுதியது. என் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதுதான் விஷயம். இந்த இடத்தில் நம்மில் பலருக்கு மனம் கனக்கும். ஹவுரா ஸ்டேஷனில் ஒரு டிரங்குப் பெட்டியோடும், ஊர்க்காரர் ஒருவருக்கு அப்பா எழுதிக் கொடுத்த கடிதத்தோடும் வந்து இறங்கியவர்கள்தானே நம் சங்கத்தின் மூத்த தலைமுறை! கொலூனா அந்தக் கடிதத்துக்கு மரியாதை கொடுத்தார். கூடப் பிறந்த அண்ணனைப் போல் அவனைக் கவனித்துக்கொண்டார்.

அதன்பின் நடந்ததைப் பட்டியல் போட்டாலே மூச்சு வாங்கும். 1962இல் ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டத்தில் பென்ஃபிகா ரியல் மாட்ரிட்டை 5-3 என்று வென்றபோது அதில் இரண்டு கோல் யூசேபியோவுடையது. 1965இல் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரர் விருது. 1968, 1973 ஆகிய இரு ஆண்டுகளில் ஐரோப்பிய லீக் ஆட்டங்களில் அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணி. பென்ஃபிகாவோடு 11 முறை போர்ச்சுகல் லீக் பட்டம். போர்ச்சுகல் நாட்டுக்காக ஆடிய 64 ஆட்டங்களில் 41 கோல்.

இவை எல்லாவற்றுக்கும் மேல் 1966 உலகக் கோப்பை. கால் இறுதியில் வட கொரியா 25 நிமிடத்துக்குள் மூன்று கோல் போட்டுவிட்டது. வேறு எந்த அணியும் தலையைத் தொங்கப் போட்டிருக்கும். யூசேபியோ தொடர்ந்து நான்கு கோல் அடித்தார். போர்ச்சுகல் 5-3 என்று வென்றது. அரையிறுதியில் இங்கிலாந்திடம் 1-2 என்று தோற்றபோது அவர் அழுதுகொண்டே மைதானத்தை விட்டுப் போனார். ஒன்பது கோல்களுடன் அந்தப் போட்டியில் முதலிடம் அவருக்கு, நாட்டுக்கு மூன்றாமிடம். அந்த அணியின் தலைவர் கொலூனா. அணியில் இடம்பெற்ற மொசாம்பிக் மண்ணின் பிள்ளைகள் மொத்தம் நான்கு பேர்.

சரி, அந்தக் கண்ணீர் எந்த நாட்டுக்காக? இங்குதான் சங்கடமான கேள்வி எழுகிறது. காலனி என்ற சொல் உறுத்துகிறது என்று 1951இல் போர்ச்சுகல் தன் காலனிகளுக்குக் கடல் கடந்த மாகாணங்கள் என்று பெயர் மாற்றியது. பெயர்தான் மாறியது. மொசாம்பிக்கின் ஆப்பிரிக்க மக்களில் பெரும்பாலோர் 1961 வரை சட்டப்படி குடிமக்களே அல்லர். அந்த 1961 டிசம்பரில்தான் நம் கோவாவும் போர்ச்சுகலின் பிடியிலிருந்து விடுபட்டது. மொசாம்பிக்கில் 1964இல் விடுதலைப் போர் தொடங்கியது. போர்ச்சுகல் சிப்பாய்களும் மொசாம்பிக் போராளிகளும் அங்கே சுட்டுக்கொண்டிருந்த அதே நாட்களில், இங்கிலாந்தில் மொசாம்பிக் பிள்ளை போர்ச்சுகல் சட்டையில் கோல் அடித்துக்கொண்டிருந்தார். இதோ பாருங்கள், எங்கள் நாட்டில் நிற வேற்றுமை இல்லை என்று உலகுக்குக் காட்ட, சர்வாதிகாரி சலாசாரின் அரசுக்கு அவர் வசதியாகப் போனார்.

இத்தாலிய சங்கங்கள் பெரும் பணம் தர முன்வந்தபோதும் அவரை வெளியே விடவில்லை. நாட்டுச் சொத்து என்று சொல்லிச் சலாசார் தடுத்ததாக யூசேபியோவே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். முழங்காலில் திரும்பத் திரும்ப அறுவை செய்துகொண்டு ஆடினார். 1975இல், 33 வயதில், பென்ஃபிகாவை விட்டு அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் போனார். பின்னர் போர்ச்சுகலிலேயே சிறிய சங்கங்களில், இரண்டாம் டிவிஷனில்கூட, ஆடினார். கறிவேப்பிலையாய் எடுத்துப் போட்டுவிட்டார்களோ என்று நமக்குத் தோன்றும்.

அப்படி முழுவதும் சொல்லிவிடவும் முடியாது. 1992இல் பென்ஃபிகா மைதானத்தில் அவருக்குச் சிலை வைத்தார்கள். 2014 ஜனவரி 5ஆம் தேதி அவர் காலமானபோது போர்ச்சுகல் மூன்று நாள் துக்கம் அனுசரித்தது. 2015இல், நாட்டின் தலைவர்களும் எழுத்தாளர்களும் துயிலும் தேசிய நினைவாலயத்துக்கு அவர் உடலை மாற்றினார்கள். கால்பந்து ஆடியவர் ஒருவருக்கு அங்கே இடம் கிடைத்தது அதுவே முதல் முறை. ஒரு காலத்தில் தன் இனத்தாரைக் குடிமக்களாகவே எண்ணாத நாட்டில் அவருக்குக் கிடைத்த இடம் அது.

மொசாம்பிக் 1975இல் சுதந்திரம் பெற்றது. கொலூனா பிறந்த நாட்டுக்கே திரும்பினார். அங்கே கால்பந்து வளரப் பாடுபட்டார். யூசேபியோ லிஸ்பனிலேயே தங்கிவிட்டார். ஒருவர் திரும்பினார், ஒருவர் தங்கினார். இதில் யார் நன்றியுள்ளவர், யார் நன்றி மறந்தவர் என்று தீர்ப்பு எழுத நாம் யார்?

நான் சொல்ல வந்தது இதுதான். வங்காளமும் தமிழ்நாடும் மோதும் ஆட்டத்தில் நம் பிள்ளைகள் வங்காளம் பக்கம் கைதட்டினால் பெரியவர்கள் சிலர் முகம் சுளிக்கிறார்கள். "இவன் நம்மவனே இல்லை" என்று ஒரு சொல் வந்து விழுகிறது. அதே பிள்ளையை வெளியில், இங்கேயே பிறந்திருந்தும், "மதராசி" என்கிறார்கள். இரு பக்கமும் தள்ளினால் குழந்தை எங்கே நிற்கும்? ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நாம் கேலி செய்கிறோம். இரண்டு கரையிலும் உரிமை உள்ளவன் என்று சொல்லிக் கொடுத்தால் என்ன?

நம் ஊரிலேயே ஒரு சான்று இருக்கிறது. 1920இல் தொடங்கிய ஈஸ்ட் பெங்கால் சங்கம், எல்லை தாண்டி அகதிகளாக வந்தவர்களின் சங்கமாகவே ஆகிப்போனது. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் கிழக்கு வங்கத்தைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ஆனாலும் அந்தச் சிவப்பு மஞ்சள் கொடியைத்தான் தூக்குகிறார்கள். அதனால் அவர்கள் கொல்கத்தாக்காரர்கள் இல்லை என்று யாராவது சொல்கிறார்களா?

யூசேபியோவுக்குத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே இருக்கவில்லை. அவர் ஆட வந்த நாளில் மொசாம்பிக் என்று ஒரு தேசிய அணி கிடையாது. எந்தச் சட்டை போடுவது, எங்கே ஆடுவது என்பதை அரசு முடிவு செய்தது. நம் பிள்ளைகளுக்கு அந்த நிலை இல்லை. அவர்கள்மேல் அதிகாரம் செலுத்தும் சலாசாராக நாம் ஆகிவிடக் கூடாது. கட்டாயத்தில் வரும் பற்று வெகுநாள் நிற்காது.

சங்கத்துப் பெரியவர்களுக்கு என் வேண்டுகோள் சிறியதுதான். தமிழ் வகுப்பைத் தொடர்ந்து நடத்துவோம். பொங்கலன்று விளையாட்டுப் போட்டியும் வைப்போம். அதில் தெருவில் வசிக்கும் வங்காளிப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்வோம். எந்த அணிக்குக் கைதட்டுகிறாய் என்று எந்தக் குழந்தையையும் கேட்க வேண்டாம். ஊரிலிருந்து புதிதாக வேலை தேடி வரும் பையன் யாருடைய கடிதத்தோடு வந்தாலும், கொலூனாவைப் போல் அதற்கு மதிப்புக் கொடுப்போம். அதைப் பார்த்து வளரும் பிள்ளைக்குத் தமிழ்ப்பற்றைத் தனியாகப் போதிக்க வேண்டியிருக்காது.