வெட்கம் உயிரைக் குடிக்கலாமா?



அண்மையில் ஒரு மௌத் வீட்டிற்குச் சென்றிருந்தேன். மறைந்த அம்மையாருக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய். மாதவிடாய் நின்ற பிறகும் ஓராண்டாக உதிரப்போக்கு இருந்திருக்கிறது. மகளிடமும் சொல்லவில்லை, கணவரிடமும் சொல்லவில்லை. "வெட்கப்பட்டே மறைத்துவிட்டாள் ஹஜ்ரத்" என்று கணவர் விம்மினார்.

இஃது ஒரு வீட்டின் துயரம் மட்டுமன்று. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழகத்தில் 30 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் இந்நோய்க்கான பரிசோதனையை ஒருமுறையேனும் செய்துகொண்டோர் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை.

எச்.பி.வி. என்னும் வைரஸ் கிருமியால் விளையும் இந்நோய், புற்றாக முற்றுவதற்குப் பொதுவாகப் பத்து, பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன. அந்த அவகாசத்திலேயே கண்டறிந்தால் எளிய சிகிச்சையால் தடுத்துவிடலாம். திண்டுக்கல் மாவட்டத்தில் 2000ஆம் ஆண்டு ஓர் ஆய்வு தொடங்கப்பட்டது. பயிற்சி பெற்ற செவிலியர், நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவிப் பார்க்கும் எளிய சோதனையைச் செய்தனர். அழைப்புப் பெற்ற பகுதிகளில் இந்நோயால் நேர்ந்த மரணங்கள் 35 விழுக்காடு குறைந்தன என 2007இல் முடிவு வெளியாயிற்று. ஆயினும் அழைக்கப்பட்டோரில் மூன்றில் ஒரு பங்கினருக்கு மேல் வரவேயில்லை!

நம் வீடுகளில் சொல்லப்படும் காரணங்களை நாம் அறிவோம். 'நோவில்லாதபோது ஆஸ்பத்திரி எதற்கு?' என்பது ஒன்று. நோவு தோன்றும்வரை காத்திருப்பதே ஆபத்து. 'ஆண் மருத்துவர் பார்ப்பாரோ?' என்பது மற்றொன்று. பெண் செவிலியரே செய்யக்கூடிய சோதனை இது. 'நடத்தையைச் சந்தேகிப்பார்களே' என்பதே எல்லாவற்றிலும் கொடியது. இக்கிருமி இல்லற உறவின் வழியே பரவுவது உண்மை. ஆனால் மிகப் பரவலானது, உடலில் பல்லாண்டு ஓசையின்றித் தங்கவல்லது. ஒழுக்கமுள்ள மனைவிக்கும் வரும். நோயைக் கொண்டு ஒருத்தியின் கற்பை அளப்பது அவதூறன்றோ?

வெட்கம் ஈமானின் கிளைதான். எனினும் மார்க்கத்தை அறிந்துகொள்ள வெட்கம் தடையாகாத அன்ஸாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் புகழ்ந்துரைத்தார்கள். உடலும் அல்லாஹ் தந்த அமானிதமே.

கணவன்மார்களே! மனைவி கேட்கட்டும் என்று காத்திராதீர்கள். முப்பது வயதைக் கடந்த உங்கள் இல்லாளிடம், "பரிசோதனைக்குப் போய் வருவோம், நானும் உடன் வருகிறேன்" என்று நீங்களே சொல்லுங்கள். அந்த ஒரு சொல்லுக்காகவே எத்தனையோ பெண்கள் காத்திருக்கிறார்கள்.