ஆங்கிலம் கற்பிக்க நம் பிள்ளைகள் முன்வரட்டும்

தோட்டத்தில் ஆங்கிலம் தெரிந்தவர் யார் என்று ஒரு காலத்தில் கேட்டால், பெரிய கிராணியைத்தான் காட்டுவார்கள். துரையின் கடிதமும் அவர் கையில். தொழிலாளியின் மனுவும் அவர் கையில். (கிராணிமார்கள் கோபிக்க வேண்டாம்; ஒரு காசு வாங்காமல் மனு எழுதித் தந்தவர்கள் அவர்களில் அநேகர்.) பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வேண்டும் என்றது 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். பள்ளிக்கூடம் வந்தது. ஆங்கிலமோ பட்டணத்திலேயே, சம்பளம் கட்டிப் படிக்கும் பிள்ளைகளுக்கென்று நின்றுவிட்டது.

ஆங்கில ஆசிரியராவது அதைவிடத் தூரம். 1952 முதல் 1962 வரை மலாயா அரசாங்கம் லிவர்பூல் பக்கத்தில் கெர்பி என்ற இடத்தில் கல்லூரி வைத்து, இங்கிருந்து ஆட்களைக் கப்பலேற்றிப் பயிற்சி கொடுத்தது. அதற்குக் கேம்பிரிட்ஜ் சான்றிதழ் வேண்டும். ஆறாம் வகுப்போடு பால்வாளி தூக்கிய பிள்ளை அந்தக் கப்பலை எங்கே கண்டது?

இன்று கப்பல் வேண்டியதில்லை. நாட்டில் ஆசிரியர் பயிற்சிக் கழக வளாகங்கள் 27 உள்ளன. எஸ்.பி.எம். தேறியவருக்கு ஓராண்டு ஆயத்தப் படிப்பு. பிறகு நான்காண்டுப் பட்டப் படிப்பு. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கும் பிரிவைத் தெஸல் என்கிறார்கள். பயிற்சிக் காலத்தில் மாத உதவிப் பணமும் உண்டு.

“இங்கிலீஷ் பேசத் தெரிந்தால் போதாதா, இதற்கு ஐந்து வருஷமா?” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். போதாது என்பதே நம் கருத்து. கத்தி பிடித்தவரையெல்லாம் இளமரத்தில் வெட்டுப் போட விடுவோமா? பட்டை காயப்பட்டால் மரம் வருஷக் கணக்கில் அல்லவா கெட்டுப் போகிறது! தமிழில் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வரும். ஆங்கிலத்தில் எழுவாய்க்கு அடுத்தே வந்துவிடும். நம் ‘ப’ ஒன்றே இரண்டு ஒலிக்கு நிற்கும். அவர்களுக்கு இரண்டு எழுத்து. பிள்ளை இங்கேதான் தடுமாறுகிறது. தமிழும் தெரிந்து பயிற்சியும் பெற்ற ஆசிரியர் அந்தத் தடுமாற்றத்தின் காரணத்தைக் காண்பார். மற்றவர் பிள்ளையை மக்கு என்பார். தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டிலிருந்தே ஆங்கிலம் கட்டாயப் பாடம் என்பதை நினைத்தால், லயத்தில் பிறந்த பிள்ளைகளே இந்த வேலைக்கு ஏன் வேண்டும் என்பது விளங்கும்.

ஆனால் வாசல் குறுகியது. எஸ்.பி.எம்.-மில் ஆங்கிலத்தில் மட்டும் நல்ல புள்ளி இருந்தால் போதாது; மலாய் மொழியிலும் வேண்டும், நேர்முகத் தேர்வும் உண்டு. ஆறாம் ஆண்டுத் தேர்வு 2021-லும் மூன்றாம் படிவத் தேர்வு 2022-லும் எடுக்கப்பட்டன. அதன்பின், பிள்ளையின் நிலை எஸ்.பி.எம். முடிவு வரும்வரை பல வீடுகளில் தெரியாமலே போயிற்று. நான்காம் படிவத்திலேயே பள்ளிக்குப் போய் ஆசிரியரைக் கேளுங்கள். வெட்டு முடிந்து போனால் போதும். சட்டை மாற்ற வேண்டும் என்று நாள் கடத்தாதீர்கள்.

விண்ணப்பம் இணையத்தின் வழியேதான். குறித்த நாளோடு மூடிவிடுவார்கள். வீட்டில் வசதியில்லாத பிள்ளைக்கு ஆபீஸ் கணினியை மாலையில் ஒரு மணி நேரம் தர நிர்வாகத்திடம் அனுமதி கேளுங்கள், கிராணிமார்களே. முன்பு மனு எழுதித் தந்த கை உங்களுடையதுதானே.